ஏளா, இங்கன பாரு

புன்னைக்காயலில் வைத்து செந்தூர்வேல் மீன்கூடையால் அடி வாங்கினான். வெறும் கூடை என்றால் துடைத்துவிட்டுப் போயிருக்கலாம். முக்கால் கூடை சாளை உள்ளே கிடந்தது. கரையில் வள்ளங்கள் ஏற்றிப் போட்டிருந்த மணலில் கேமராவை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். இவன் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து, மீசைக்கு மை தடவக் கொடுத்துக்கொண்டிருந்தான். பின்னால் வந்த மீன்காரப் பெண் நின்றாள், ஆளை உற்றுப் பார்த்தாள், கூடையை இரண்டு கையாலும் தூக்கினாள், போட்டாள் ஒரு போடு.

"பேதில போவான்! அந்தப் புள்ளைய அந்த அடி அடிக்கியே, ஒனக்கெல்லாம் அக்கா தங்கச்சி கெடையாதா? மாதாவே, இவனக் கடல் கொண்டுட்டுப் போவாதா!"

நாற்காலியோடு சரிந்தவனின் புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. சட்டை முழுக்கச் செதிலும் கவிச்சியும். டைரக்டர் ஓடி வந்தார். எதற்கு? காயத்துக்கு மருந்து போட என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் காயத்தை அப்படியே வெச்சுக்கலாம் அண்ணாச்சி, சீனுக்கு நல்லா இருக்கு" என்றார்.

செந்தூர்வேலுக்குக் கோபம் வரவில்லை. கைக்குட்டையால் புருவத்தை அழுத்திக்கொண்டு, "எனக்கும் தங்கச்சி இருக்கு, அவ மேல ஒருநாளும் கை வச்சது இல்லன்னு அந்த அம்மாட்ட சொல்லுங்க" என்று மட்டும் சொன்னான். அந்த அம்மாள் அதற்குள் சிந்திய சாளையைப் பொறுக்கிக்கொண்டு, அவன் குலத்தையே வைதபடி நடந்துவிட்டாள்.

டி.வி. நடிகன் பிழைப்பு இப்படித்தான். சினிமாவில் வில்லனை மூன்று மணி நேரத்தில் கொன்றுவிடுகிறார்கள். பார்க்கிறவனின் ஆத்திரமும் அதோடு தீர்ந்து போகிறது. டி.வி. வில்லனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. திங்கள் முதல் சனி வரை, சரியாக எட்டு மணிக்கு, ஜனங்கள் சோற்றில் குழம்பு ஊற்றுகிற நேரத்தில் வீட்டுக்குள் வந்து நின்று பெண்டாட்டியை அடிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு. மூன்று வருஷமாக செந்தூர்வேல் அடித்துக்கொண்டிருந்தான். சீரியலில் அவன் பெயர் சங்குமுத்து, உப்பள முதலாளி. சங்குமுத்து மாதிரி ஆளுக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள், தண்ணீர் கொடுக்க மாட்டார்கள். செந்தூர்வேலுக்கும் அதே கதிதான். சலூனில் கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு, "நேத்து அந்தப் புள்ளைய எதுக்கு அண்ணாச்சி அடிச்சிய?" என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் நடிப்பைப் பற்றி விளக்கம் சொல்ல எவனுக்கு வாய் வரும்? கல்யாண வீட்டுப் பந்தியில் அவன் இலைக்கு இரண்டு பக்கமும் பெண்கள் எழுந்து போய்விடுவார்கள்.

இத்தனைக்கும் மனுஷன் பரம சாது. உடன்குடிப் பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரர் மகன். நாற்பத்தாறு வயது வரை கோழி அறுத்தது கிடையாது. சங்குமுத்துவின் மனைவியாக நடிக்கிற ரம்யாவின் கன்னத்தில் ஒருமுறை நிஜமாகவே விரல் பட்டுவிட, இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தான். ரம்யாவே வந்து, "அண்ணாச்சி, எனக்கு ஒண்ணும் இல்ல, சாப்பிடுங்க" என்று கெஞ்ச வேண்டி வந்தது.

படாமல் அடிப்பது ஒரு வித்தை. கன்னத்துக்கு நான்கு விரல் முன்னால் கை நின்றுவிட வேண்டும். நிற்கிற அதே நொடியில் எதிரே இருக்கிற பெண் முகத்தை வெடுக்கென்று திருப்ப வேண்டும். கேமரா அவன் தோளுக்குப் பின்னால் இருந்து பார்க்கும். 'பளார்' என்ற சத்தத்தைச் சென்னையில் சேர்த்துக்கொள்வார்கள். ரம்யா ஆரம்பத்தில் கையைப் பார்த்துப் பயந்து முந்தியே திரும்பிவிடுவாள். டேக் வீணாகும். செந்தூர்வேல்தான் ஒரு வழி சொல்லிக் கொடுத்தான்: "கையப் பாக்காதம்மா. வார்த்தையக் கேளு. நான் 'பாரு'ன்னு முடிக்கவும் திரும்பு." அது பிடிபட அவளுக்கு மூன்று மாதம் ஆனது.

அந்த வார்த்தை வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். எழுதிக் கொடுத்த வசனத்தில் 'இங்க பாருடி' என்றுதான் இருந்தது. முதல்நாள் படப்பிடிப்பில் டைரக்டர், "உங்க ஊர்ல எப்படிச் சொல்வாங்க, அப்படியே சொல்லுங்க" என்றார். யோசிக்காமல் வாயில் வந்ததை செந்தூர்வேல் சொன்னான்: "ஏளா, இங்கன பாரு."

அவ்வளவுதான், தீ மாதிரிப் பற்றிக்கொண்டது. சிறுபிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சொல்லி அடித்துக்கொண்டார்கள். துறைமுகத்துக்குப் போகிற லாரிகளின் பின்பக்கம் பெயிண்டில் எழுதினார்கள். கைப்பேசியில் மணி அடிப்பதற்குப் பதிலாக அவன் குரலே கூப்பிட்டது. தமிழ்நாடே அதைச் சங்குமுத்துவின் சொல் என்று நினைத்தது. அது அவன் தங்கச்சியைக் கூப்பிடுகிற சொல் என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். சந்தனச்செல்வி அவனுக்குப் பதினோரு வயது இளையவள். கடையை அடைத்துவிட்டு வரும்போது கருப்பட்டி மிட்டாயை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு வருவான். வாசலில் நின்று, "ஏளா, இங்கன பாரு" என்பான். அவள் எங்கே இருந்தாலும் ஓடி வந்து அவன் விரலைப் பிரிப்பாள். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குக் கல்யாணம் ஆகிற நாள் வரை அது நடந்தது.

புன்னைக்காயலில் அடி வாங்கிய மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. படப்பிடிப்புக்கு லீவு. புருவத்தில் பிளாஸ்திரியோடு செந்தூர்வேல் தூத்துக்குடியில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் புறப்பட்டான். பார்த்து எட்டு மாதம் ஆகியிருந்தது. சென்னையிலேயே ஒரு ஜோடி முத்துக் கம்மல் வாங்கி வைத்திருந்தான்.

துறைமுகம் போகிற ரோட்டில், லாரி செட்டுகளுக்குப் பின்னால் ஒரு குறுகின தெரு. அங்கே அவள் புருஷன் பாண்டித்துரைக்கு ராஜ மரியாதை. கன்டெய்னர் லாரிகளுக்கு லோடு பிடித்துக் கொடுக்கிற தொழில். தெருவில் யாருக்கு நெஞ்சு வலி வந்தாலும் அவன் கார்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும். கோயில் கொடைத் திருவிழா நடத்துகிறவனும் அவன்தான். அடுத்த வீட்டுப் புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தீர்த்து வைக்கிறவனும் அவனேதான்.

கேட்டைத் திறந்ததுமே பாண்டித்துரை கைகளை விரித்துக்கொண்டு வந்தான். உடன் நாலைந்து லாரி டிரைவர்கள். "ஏலே, யாரு வந்துருக்கா பாத்தியளா? எம் மச்சான்! சொன்னா நம்புனியளா?" என்று ஆர்ப்பாட்டம் செய்துவிட்டு, வீட்டைப் பார்த்துத் திரும்பி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு கூவினான்:

"ஏளா, இங்கன பாரு!"

செந்தூர்வேலுக்கே தூக்கி வாரிப் போட்டது. அச்சு அசல் அவன் குரல். 'பாரு'வில் கொடுக்கிற அழுத்தம்கூட அப்படியே இருந்தது. டிரைவர்கள் கைதட்டினார்கள். வீட்டுக்குள் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது.

"எப்படி மச்சான்? மூணு வருசமாப் பழகுதேன்லா!" என்று சிரித்தான் பாண்டித்துரை. மடையன் செந்தூர்வேலும் கூடச் சேர்ந்து சிரித்தான். "பிரமாதம் மாப்ள, சேனல்ல கூப்புடாம விட்டுட்டானுவளே" என்று பாராட்டு வேறு.

"நல்ல வெள்ளாட்டங்கறியா வாங்கிட்டு வந்துருதேன், இரிங்க" என்று பாண்டித்துரை டிரைவர்களோடு கிளம்பினான்.

சந்தனச்செல்வி அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "வாண்ணே" என்றாள். ஆள் பாதியாய் இருந்தாள். முடியைக் காது மறைகிற மாதிரி தளர்த்திப் பின்னியிருந்தாள். புருவக் காயத்தைப் பார்த்து, "யாருண்ணே அடிச்சா?" என்று பதறினாள். மீன்கூடைக் கதையைச் சொன்னான். சிரித்தாள். சிரித்து முடித்ததும் திரும்பி அடுப்பைப் பார்த்துக்கொண்டாள்.

செந்தூர்வேல் சட்டைப் பையிலிருந்து கம்மலை எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டான். அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, பழைய நினைப்பில், சந்தோஷமாகச் சொன்னான்.

"ஏளா, இங்கன பாரு."

அவள் திரும்பினாள். 'பாரு' என்று முடியவும் அவள் முகம் வெடுக்கென்று இடது பக்கம் ஒடிந்தது. கண் இறுக மூடியிருந்தது. கையிலிருந்த கத்தி கீழே விழுந்தது. வலது தோள் கன்னத்தை மறைக்க மேலே ஏறியது. செந்தூர்வேலின் கை எங்கேயும் ஓங்கவில்லை. அது அவன் இடுப்புக்குப் பக்கத்தில் பொத்திக்கொண்டு கிடந்தது.

ரம்யா படித்துக்கொள்ள மூன்று மாதம் ஆன வித்தை அது. அவன் தங்கச்சி ஒரு டேக்கில் செய்தாள்.

திரும்பிய வேகத்தில் பின்னல் விலகியது. வலது காது தெரிந்தது. கம்மல் போடுகிற இடம் இரண்டாகப் பிளந்து, கறுத்துக் காய்ந்திருந்தது. அவன் கம்மலைத் திரும்பச் சட்டைப் பையில் போட்டான்.

"காது என்னளா ஆச்சு?"

"பஸ்ஸு கம்பில மாட்டிக்கிட்டு."

"செல்வி!"

அவள் கீழே விழுந்த கத்தியை எடுத்துக் கழுவினாள். கழுவின கத்தியையே திரும்பக் கழுவினாள். பிறகு தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அவிய முன்னாடியும் அடிப்பாவண்ணே. கல்யாணம் ஆன வருசத்துல இருந்தே. அப்பல்லாம் ஒண்ணும் சொல்லாம அடிப்பாவ. ஒன் சீரியல் வந்த பொறவு சொல்லிட்டு அடிக்காவ. ஒன் கொரல்லயே சொல்லிட்டு அடிக்காவ. கண்ண மூடிக்கிட்டா அடிக்கது அவியளா நீயான்னு எனக்குத் தெரியாது."

கம்மலைப் பிய்த்து எறிந்தவனுக்கும் 'அவிய', 'அடிக்காவ' என்று மரியாதை குறையாமல்தான் சொன்னாள். எட்டு மணிக்கு அவன் டி.வி.யில் சொன்ன சொல் எட்டரை மணிக்கு இந்த அடுப்படியில் வந்து இறங்கியிருக்கிறது. தன் கையையே வெட்டிப் போட்டுவிடலாமா என்று அவனுக்கு வெறி வந்தது.

"கெளம்பு. இப்பமே கெளம்பு. ஒரு சேலைகூட எடுக்க வேண்டாம்."

"எங்கன கெளம்ப? தெருவுல போய் யாருட்ட சொல்ல? இங்கன அவிய தங்கமான மனுசன். நீதாண்ணே கொலகாரன்" என்றாள் அவள். கிண்டலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். "நான் வாயத் தொறந்தா, பாண்டித்துரை அண்ணாச்சியா அடிச்சாவன்னு என்னத்தான் கேவலமாப் பாப்பாவ."

கேட் சத்தம் கேட்டது. பாண்டித்துரை கறுப்புப் பையில் கறியோடு அடுப்படி வாசலில் நின்றான். டிரைவர்கள் இல்லை. அண்ணன் முகத்தைப் பார்த்தான், தங்கச்சியின் விலகின பின்னலைப் பார்த்தான். சிரிப்பு மாறாமலே பையை மேடையில் வைத்தான்.

"என்ன மச்சான், குடும்ப விசயமோ?"

"எந் தங்கச்சியக் கூட்டிட்டுப் போறேன்."

"கூட்டிட்டுப் போயி? தெனம் டி.வி.ல நீங்க அடிக்கியள்லா. நான் அடிச்சா மட்டும் குத்தமா?"

செந்தூர்வேலுக்குக் கண் இருட்டியது. வாழ்க்கையில் முதல்முறையாக நிஜமாகவே கையை ஓங்கினான். அந்த மூஞ்சியைப் பெயர்த்துவிட வேண்டும் என்ற வெறியோடுதான் வீசினான். கை பறந்தது. பறந்து, பாண்டித்துரையின் கன்னத்துக்கு நான்கு விரல் முன்னால் நின்றுவிட்டது.

சண்டாளக் கை! மூன்று வருஷமாக நின்று பழகின இடத்தில் போய்ச் சரியாக நின்றது. செந்தூர்வேல் தன் கையையே வெறித்துப் பார்த்தான்.

பாண்டித்துரை வயிறு குலுங்கச் சிரித்தான். "டைமிங் நல்லாருக்கு மச்சான். சத்தம்தான் வரல" என்றவன், சிரிப்பு அடங்குமுன்னே முஷ்டியால் மூக்கில் குத்தினான். மூக்கு நொறுங்கின சத்தம் செந்தூர்வேலுக்குத் தன் மண்டைக்குள்ளேயே கேட்டது. அடுத்த குத்து வாயில். பல் ஒன்று நாக்கில் வந்து விழுந்தது. முடியைப் பற்றிக் கதவு நிலையில் மோதினான். ஒருதரம், இரண்டுதரம், மூன்றாவது தரம் பிளாஸ்திரி பிய்ந்து பழைய காயம் வாயைப் பிளந்தது. செந்தூர்வேல் சரிந்து விழுந்தான். விழுந்தவனின் விலாவில் மிதி விழுந்தது.

கதவுக்குப் பின்னால் தார்ப்பாய்க் கயிறு முறுக்குகிற இரும்புக் கம்பி ஒன்று சாத்தி வைத்திருந்தது. பாண்டித்துரை அதை எடுத்து ஓங்கினான். குறி செந்தூர்வேலின் தலைதான். ஆனால் நடுவே சந்தனச்செல்வி விழுந்தாள். கம்பி அவள் நெற்றியில் இறங்கியது.

தேங்காய் உடைகிற சத்தம். அவள் கத்தக்கூட இல்லை. முகம் முழுக்க ரத்தம் வழிந்து சேலையில் கொட்டியது. பாண்டித்துரையே ஒரு நொடி திகைத்துப் போனான். அந்த ஒரு நொடி போதும் என்று செந்தூர்வேல் எழுந்து, தங்கச்சியின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு, கேட்டைத் தள்ளித் தெருவுக்கு வந்துவிட்டான்.

பிழைத்தோம் என்றுதான் நினைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அந்தத் தெருவில் தண்ணீர் வரும். இருபது பெண்கள் குடத்தோடு குழாயடியில் நின்றார்கள். அவர்கள் கண்டது என்ன? டி.வி.யில் தினமும் பெண்டாட்டியை அடிக்கிற சங்குமுத்து, மண்டை உடைந்து ரத்தம் ஒழுகுகிற ஒரு பெண்ணைத் தெருவில் இழுத்துக்கொண்டு வருகிறான்.

"அடப்பாவி! அது நம்ம செல்விலா!" என்று அலறினாள் எதிர்வீட்டு முத்துக்கனி. முதல் குடம் அவள் கையிலிருந்துதான் பறந்தது. தண்ணீரோடு வந்த குடம் செந்தூர்வேலின் நெஞ்சில் மோதி வெடித்தது. பிறகு எது யார் கையில் இருந்தது என்று கணக்கில்லை. செருப்பு, விளக்குமாறு, குழாயடிக் கல். "டி.வி.ல அடிச்சது காணாதுன்னு இங்கனயும் வந்துட்டியாலே?" என்று ஒருத்தி முகத்தில் பிறாண்டினாள். இன்னொருத்தி குடத்தின் விளிம்பாலேயே முழங்காலில் அடித்தாள். அவன் மடங்கி உட்கார்ந்தான். பேச வாயைத் திறந்தான். உடைந்த பல்லும் ரத்தமும்தான் வெளியே வந்தன.

பாண்டித்துரை மெதுவாக வெளியே வந்தான். கம்பியை உள்ளேயே வைத்துவிட்டான். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டான். நடிப்பு என்றால் அதுதான் நடிப்பு. செந்தூர்வேல் ஏழு பிறப்பு எடுத்தாலும் அப்படி நடிக்க வராது.

"விடுங்கக்கா, அடிக்காதிய. என்ன இருந்தாலும் எம் மச்சான். போதையில தங்கச்சின்னும் பாக்காம கை வச்சுட்டாரு" என்று சொல்லிக்கொண்டே சந்தனச்செல்வியின் தோளில் கை போட்டான். "வா செல்வி, உள்ள போவோம். மருந்து போடுதேன்."

ஆஹா, என்ன மனுஷன் என்று பெண்கள் உருகிப் போனார்கள். செந்தூர்வேல் தரையில் கிடந்து பார்த்தான். அவளை அந்தக் கதவுக்குள் கொண்டுபோய்விட்டால் தீர்ந்தது, இனி அவள் வெளியே நடந்து வர மாட்டாள் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எழுந்திருக்கப் பார்த்தான். ஒருத்தி முதுகில் மிதித்து அழுத்தினாள்.

சந்தனச்செல்வி புருஷன் கைக்குள் இரண்டு எட்டு நடந்தாள். மூன்றாவது எட்டு வைக்கவில்லை.

"அக்கா" என்றாள். குரல் யாருக்கும் கேட்கவில்லை. "முத்துக்கனியக்கா! எங்கண்ணன விடுங்க. அது என்ன அடிக்கல."

"ஏளா, அவனுக்குப் பயந்து சொல்லாத. நாங்க இருக்கோம்லா" என்றாள் முத்துக்கனி.

"அது அடிக்கல. அடிச்சது..."

பாண்டித்துரை அவள் காதருகே குனிந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, அடங்கின குரலில்தான் சொன்னான். ஆனால் அந்தக் குரலைத் தமிழ்நாட்டில் எவருக்கும் தெரியாமல் இருக்காது.

"ஏளா, இங்கன பாரு."

அவள் முகம் வெடுக்கென்று திரும்பியது. கண் மூடியது. தோள் ஏறியது. தெருவே பார்த்தது. யாரும் கை ஓங்கவில்லை. பின்னல் அவிழ்ந்து பிளந்த காது வெளியே தொங்கியது.

முத்துக்கனி கீழே கிடக்கிற செந்தூர்வேலைப் பார்த்தாள். அவன் வாய் அசையவே இல்லை. பாண்டித்துரையைப் பார்த்தாள். அவள் கையில் ஓங்கியிருந்த விளக்குமாறு அப்படியே நின்றது.

"இந்தச் சத்தம்... ஒங்க வீட்டுல இருந்து தெனம் கேக்குமே" என்றாள் மெதுவாக. "அந்த வார்த்த, பொறவு பளார்னு ஒரு அடி, பொறவு ஒரு பொம்பள அழுகச் சத்தம். டி.வி.ய ரொம்பச் சத்தமா வைக்காவன்னுலா நாங்க நெனச்சோம்!"

"ஆமா, டி.விதான் அக்கா" என்றான் பாண்டித்துரை.

"போன ஞாயித்துக்கெழம மத்தியானமும் கேட்டுது." முத்துக்கனியின் குரல் ஏறியது. "ஞாயித்துக்கெழமைக்கி அந்த சீரியலே கெடையாதேலே!"

குழாயில் தண்ணீர் வீணாக ஓடிக்கொண்டிருந்தது. ஒருத்தியும் மூடப் போகவில்லை. மூன்று வருஷமாகச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, உச்சுக் கொட்டிக்கொண்டு, நிஜமாக ஒருத்தி செத்துக்கொண்டிருந்ததைக் கதை என்று கேட்டிருக்கிறார்கள். செந்தூர்வேலின் முதுகில் மிதித்திருந்தவள் காலை எடுத்தாள்.

பாண்டித்துரை, "கிறுக்குப் பேச்சுப் பேசாதியக்கா" என்று பின்னால் நகர்ந்தான்.

சந்தனச்செல்வி கண்ணைத் திறந்தாள். இமையில் ஒட்டின ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தாள். அதுவரைக்கும் புருஷனை அவள் 'அவிய' என்றுதான் சொன்னாள், 'என்னங்க' என்றுதான் கூப்பிட்டாள். அந்தத் தெருவில் எவளும் கட்டினவனை வேறு மாதிரி கூப்பிட்டு யாரும் கேட்டது கிடையாது. அவள் நிமிர்ந்து நின்று, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.

"ஏலே பாண்டித்துரை!"

அவன் ஆடிப் போனான். டிரைவரைக் கூப்பிடுகிற சொல், சோம்பேறிப் பயலைக் கூப்பிடுகிற சொல், அவள் வாயிலிருந்து அவனுக்கு வந்தது.

"இங்கன பாருலே."

அவள் 'பாரு' என்றதும் அவன் முகம் தானாகத் திரும்பியது. அவள் கை அப்போதுதான் கிளம்பியது. அந்தக் கை நான்கு விரல் முன்னால் நிற்கவில்லை. எங்கேயும் நிற்கவில்லை. பதினான்கு வருஷத்து அடி அது. அவன் காதோடு சேர்த்து விழுந்தது. சத்தத்தைச் சென்னையில் சேர்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் தெருவின் அந்தக் கடைசி வரைக்கும் கேட்டது. பாண்டித்துரை கேட்டில் மோதி உட்கார்ந்தான். எழுந்திருக்கப் பார்த்தவனை முத்துக்கனி விளக்குமாற்றால் திரும்ப உட்கார வைத்தாள். மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. போலீஸ் ஜீப் வந்துதான் அவனை மீட்டது.

செல்விக்கு நெற்றியில் ஒன்பது தையல் போட்டு முடித்து, சாயங்காலம் அண்ணனும் தங்கச்சியும் மகளிர் காவல் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். புகார் எழுத வந்த ஏட்டம்மா செந்தூர்வேலைப் பார்த்ததும் பேனாவை வைத்துவிட்டு, "அடிச்சது இவருதான?" என்று கேட்டார். சந்தனச்செல்வி நிதானமாக முதலில் இருந்து சொன்னாள். 'அவன்' என்றே சொன்னாள், 'அடிச்சான்' என்றே சொன்னாள். ஒரு இடத்தில்கூட மரியாதை சேர்க்கவில்லை.

டைரக்டர் போனில் வந்தார். நாளைக்கு ஆறுமுகநேரி உப்பளத்தில் அடிக்கிற சீன் இருக்கிறதாம். "அந்த டயலாக்க இனும நான் சொல்ல மாட்டேன்" என்றான் செந்தூர்வேல், வீங்கின வாயால். "ரேட்டிங்கே அதுதானே அண்ணாச்சி!" என்று அவர் கத்தினார். இவன் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டான். போட்ட கையில் ஏதோ குத்தியது. கம்மல். அடுப்படியில் கொடுக்க முடியாமல் போனது.

எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டான். தங்கச்சி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கு நுனிக்குச் சொல் தானாக வந்தது. "ஏளா..." என்று ஆரம்பித்தவன் பதறி நிறுத்திக்கொண்டான்.

அவள் திரும்பாமலே, "சொல்லு" என்றாள்.

"வேண்டாம்ளா."

"சும்மா சொல்லுண்ணே. ஒன் வாயால ஒருக்க கேட்டுக்கிடுதேன்."

உடைந்த பல் இடுக்கில் காற்றுப் போக, அவன் சொன்னான். "ஏளா, இங்கன பாரு."

அவள் கழுத்து ஒரு நூல் அளவு அந்தப் பக்கம் போனது. இமை துடித்தது. பிறகு கழுத்து அங்கிருந்து திரும்பி வந்தது. கண்ணைத் திறந்தபடியே அண்ணன் முகத்தை நேராகப் பார்த்தாள். அவன் கையைப் பிடித்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள்.

"முத்தா?" என்றாள். "இந்தக் காதத் தச்ச பொறவு ரெண்டையும் போட்டுக்கிடுதேன். இப்ப அந்தக் காதுல ஒண்ணு மாட்டி வுடு."

செந்தூர்வேல் கம்மலை மாட்டப் பார்த்தான். திருகாணி இரண்டுமுறை கீழே விழுந்தது. ஏட்டம்மாதான் குனிந்து எடுத்துக் கொடுத்தார்.